பணிப்பதிவேட்டின் சாட்சியம்: வேலூர், ஆம்பூர் உள்ளாட்சிகளும் மின்பதிவேடும்

ஒருவர் முப்பது ஆண்டு வேலை பார்த்தார் என்பதை யார் சொன்னால் அரசு ஏற்கும்? கூட வேலை பார்த்தவர் சொன்னால் ஏற்காது. அவரே சொன்னாலும் ஏற்காது. பணிப்பதிவேடு சொல்ல வேண்டும். ஊழியர்கள் 'எஸ்.ஆர்.' என்று அழைக்கும் அந்தத் தடித்த அட்டைப் புத்தகம்தான் ஊதிய உயர்வு, ஈட்டிய விடுப்பு, தேர்வு நிலை, சிறப்பு நிலை, ஓய்வூதியம், இறந்தபின் குடும்பத்துக்கு வரும் பணம், கருணை அடிப்படையில் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலை ஆகிய அனைத்துக்கும் ஆதாரம். இந்தப் புத்தகத்தை எப்படிக் கணினிக்குள் கொண்டுபோவது, கொண்டுபோனால் என்ன மாறும் என்ற கேள்விக்கு உலகின் பல பகுதிகளிலும் அரை நூற்றாண்டாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. தமிழ்நாட்டில் மாநில அரசு ஊழியர் மட்டத்தில் அந்த மாற்றம் பெரும்பாலும் நடந்துவிட்டது. நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் கேள்வி இன்னும் முடியவில்லை.

அதை ஆராய வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நீளும் தோல் தொழில் பகுதி பொருத்தமான இடம். எல்லைகள் அடிக்கடி மாறிய பகுதி இது. தமிழ், உருது, தெலுங்கு என மூன்று மொழிப் பெயர்கள் ஒரே பதிவேட்டு அறையில் கலந்து கிடக்கின்றன. உள்ளாட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் தம் தொழிலாளர் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய அனுபவமும் இருக்கிறது.

முதல் பக்கமும் உள்பக்கமும்

பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், கைரேகை. தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். உள்ளே ஒவ்வொரு வரியும் ஒரு நிகழ்வு: பணியில் சேர்ந்த நாள், பணிவரன்முறை, தகுதிகாண் பருவம் முடிந்தது, ஊதிய உயர்வு, இடமாற்றம், தண்டனை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அலுவலகத் தலைவரின் சுருக்கொப்பம். எழுத்தர் மாறும்போது கையெழுத்து மாறும், மையின் நிறம் மாறும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் ஒப்பமிடுவது முறை. அடித்ததற்குக் கீழே பழைய எழுத்து தெரிந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கடைசி அம்சத்தை மின்பதிவேடு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திருத்தம் நடந்தது, எப்போது நடந்தது, யார் கையால் நடந்தது என்பதைப் புத்தகத்தைப் புரட்டும் எவரும் கண்ணால் பார்க்கலாம். கணினியில் திருத்தத்தின் தடம் பின்னணியில் எங்கோ இருக்கும். அதைப் பார்க்கும் உரிமை கடைநிலை ஊழியருக்கு இருக்குமா என்பது அமைப்பை வடிவமைப்பவர் கையில் இருக்கிறது.

காகிதத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. காகிதம் கரையான் அரிக்கும், நனையும், தொலையும். இடமாற்றத்தில் போன புத்தகம் வந்து சேராமல் ஊதிய உயர்வு நின்றுபோனவர்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. ஒரே ஒரு பிரதி, அதுவும் பணியமைப்புப் பிரிவு எழுத்தரின் பீரோவுக்குள் என்ற நிலை, அந்த எழுத்தருக்குப் பெரிய அதிகாரத்தைத் தந்தது. ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும்போதுதான் பலர் தம் பதிவேட்டை முதன்முதலாக முழுமையாகப் பார்க்கிறார்கள். அப்போதுதான் 1990களில் விட்டுப்போன ஒரு வரி தெரிய வருகிறது.

பிறந்த தேதியில் சட்டமும் கடுமையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் திருத்தம் கோர வேண்டும் என்பது விதி. காலம் கடந்து, ஓய்வை ஒட்டி வரும் கோரிக்கைகளை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்பதைத் தமிழ்நாடு அரசு எதிர் டி.வி. வேணுகோபாலன் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எனவே முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதியது ஏறக்குறைய கல்வெட்டு.

ஒரே தரவு, ஒரே முறை என்ற விடை

பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுபோகும் கேள்விக்கு மூன்று தரப்புகள் விடை சொல்கின்றன. முதல் தரப்பு நிர்வாகச் சீர்திருத்தக்காரர்களுடையது. தகவலை ஒருமுறை சரியாகப் பதிந்துவிட்டால் ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் அதிலிருந்தே கணக்காகும், எழுத்தரின் தயவு தேவையில்லை என்பது இவர்கள் வாதம். கேரளத்தின் 'ஸ்பார்க்', கர்நாடகத்தின் மனிதவள மேலாண்மை அமைப்பு, 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய மின்-மனிதவள அமைப்பு ஆகியவை இந்த நம்பிக்கையில் பிறந்தவை. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் கருவூலக் கணக்குத் துறையின் பொறுப்பில் வந்தது. விப்ரோ நிறுவனம் உருவாக்கிய இதன் மதிப்பீடு ரூ.288.91 கோடி. சுமார் 9 லட்சம் ஊழியர்களின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது அதன் பெரும் பகுதி. இன்று ஊழியர்கள் 'களஞ்சியம்' செயலியில் ஊதியச் சீட்டு பார்க்கிறார்கள், விடுப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலத்தை நினைத்தால் இது உண்மையான நன்மை.

இந்த விடையின் பலவீனம் அதன் பிறப்பிடத்தில் இருக்கிறது. கருவூலத்தில் சம்பளம் வாங்குபவருக்காகத் தைத்த சட்டை அது. நகராட்சி ஊழியரின் சம்பளம் நகராட்சியின் சொந்த நிதியிலிருந்து போகிறது. மாநில அரசு ஊழியரின் ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயருக்குப் போனால், நகராட்சி ஊழியருடையது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்குப் போகிறது. பணம் வரும் வழியும் சரிபார்க்கும் கையும் வேறாக இருக்கும்போது, 'அதே மென்பொருளில் இவர்களையும் சேர்த்துவிடலாம்' என்பது சொல்வதற்கு எளிது. கேரளம் வேறு வழியில் போனது. 1999-இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் உள்ளாட்சிகளுக்கென்றே 'ஸ்தாபனா' என்ற மென்பொருளை உருவாக்கியது. தனி அமைப்பு உள்ளாட்சியின் தேவைக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் மாநிலப் பணிக்கும் உள்ளாட்சிப் பணிக்கும் இடையே மாறுபவரின் பதிவு இரண்டாகப் பிளக்கும் ஆபத்து அதில் உண்டு.

உள்ளாட்சிகளுக்குக் கணினி புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2000-ஐ ஒட்டியே தமிழக நகராட்சிகள் நிகழ்வுசார் (accrual) கணக்கு முறைக்கு மாறின. அன்று இந்தியாவில் அது முன்னோடி முயற்சி. கணக்கு முறை வேரூன்றியதற்கும் பணிப்பதிவு பின்தங்கியதற்கும் ஒரு காரணம் தெரிகிறது. கணக்கைக் கேட்க ஆண்டுதோறும் தணிக்கையாளர் வருவார், கடன் தருபவர் வருவார். பணிப்பதிவைக் கேட்க ஓய்வு பெறும் நாளில்தான் ஆள் வருவார். கேட்பார் இல்லாத பதிவு சரியாக இருக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இருப்பதில்லை.

இடைவெளி என்ற விடை

இரண்டாம் தரப்பு, கருவியைவிட அது போய் இறங்கும் தரையைப் பார்க்கச் சொல்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003-இல் தந்த மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது: வளரும் நாடுகளின் மின்னாளுகைத் திட்டங்களில் 35 விழுக்காடு முழுத் தோல்வி, 50 விழுக்காடு பகுதித் தோல்வி, 15 விழுக்காடு மட்டுமே வெற்றி. வரைபடத்தில் இருக்கும் அலுவலகத்துக்கும் நிஜ அலுவலகத்துக்கும் உள்ள தூரமே தோல்விக்குக் காரணம் என்பது அவர் கருத்து. அந்த எண்களைத் துல்லியமான அளவீடாகக் கொள்ளாமல் ஓர் எச்சரிக்கையாகக் கொள்வது நல்லது.

பணக்கார நாடுகளும் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையில் 2010-இல் வந்த ஊதிய அமைப்பு, செவிலியர் உட்பட பல்லாயிரம் பேருக்குத் தவறான சம்பளத்தைத் தந்தது. அதன் மொத்தச் சுமை 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. கனடாவின் 'ஃபீனிக்ஸ்' 2016-இல் தொடங்கியது. 2018-இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றார். உள்ளாட்சிக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு பர்மிங்ஹாம் மாநகர மன்றம். 2022-இல் அது கொண்டுவந்த நிதி, மனிதவள மென்பொருளின் செலவு பல மடங்கு பெருகியது. அடுத்த ஆண்டு மன்றம் தன் நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்தபோது, சம ஊதியக் கோரிக்கைகளோடு இந்த மென்பொருளும் காரணமாகப் பேசப்பட்டது.

இவற்றில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது கனடாவின் பாடம். அமைப்பு நிலைபெறும் முன்பே, துறைகளில் இருந்த அனுபவமுள்ள ஊதியப் பிரிவு ஊழியர்களைக் குறைத்துவிட்டார்கள். விதிவிலக்குகள் அவர்கள் தலைக்குள் இருந்தன. நம் நகராட்சிகளில் அப்படிப்பட்டவர் பணியமைப்புப் பிரிவின் மூத்த எழுத்தர். எந்த அரசாணை எந்த ஆண்டு யாருக்குப் பொருந்தியது, யார் எந்தப் பேரூராட்சியிலிருந்து வந்து சேர்ந்தார் என்பதை அவர் பார்க்காமலே சொல்வார். அவர் ஓய்வுபெற்ற மறுமாதம் மென்பொருள் வந்தால், புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் ஸ்கேன் செய்தவர் மட்டும் மிஞ்சுவார்.

இடைவெளிக் கோட்பாட்டின் குறை, அது தோல்வியைப் பெரும்பாலும் திட்டமிடல் பிழையாகவே பார்ப்பது. இடைவெளி இருப்பதால் யாருக்கு லாபம் என்று அது அழுத்திக் கேட்பதில்லை.

அதிகாரம் என்ற விடை

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஜேம்ஸ் டான்சிகர், வில்லியம் டட்டன், ராப் கிளிங், கென்னத் கிரேமர் ஆகியோர் அமெரிக்க நகராட்சிகளில் கணினி வந்தபின் நடந்ததை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கணினி அதிகாரத்தைப் பரவலாக்கும், அல்லது நிபுணர் கையில் சேர்க்கும் என்ற இரு எதிர்பார்ப்புகளுக்கும் மாறாக, ஏற்கெனவே செல்வாக்குள்ளவரின் கையையே அது வலுப்படுத்தியது என்பது அவர்கள் முடிவு.

இந்தியாவில் இதற்கு இணையான விவாதம் நிலப்பதிவில் நடந்தது. கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியது. கிராமக் கணக்கரின் பிடி தளர்ந்தது என்று பலர் பாராட்டினர். சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் எழுதிய விமர்சனம் வேறொன்றைக் காட்டியது: பதிவு ஓரிடத்தில் குவிந்தபோது பெரிய நிலம் வாங்குவோருக்கு வேலை எளிதாயிற்று, சிறியவர்களின் உள்ளூர் ஏற்பாடுகள் பார்வையிலிருந்து மறைந்தன. இன்னும் பின்னால் போனால், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கால மதராஸில் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகங்களைப் பற்றிப் பவானி ராமன் 2012-இல் எழுதிய நூல் இருக்கிறது. எழுத்தும் ஒப்பமும் ஆட்சிக்கு அடித்தளமானபோது அதிகாரியின் விருப்பம் ஒழியவில்லை, ஆவணத்தைச் சுற்றிப் புதிய உருவம் எடுத்தது என்பதை அதிலிருந்து அறியலாம். இன்று கடவுச்சொல்லும் 'ஒப்புதல்' பொத்தானும் சுருக்கொப்பத்தின் இடத்தில் உட்காருகின்றன. நெரிசலான ஓர் அலுவலகத்தில் அந்தக் கடவுச்சொல்லை யார் பயன்படுத்துகிறார் என்பது பதிவேட்டின் நம்பகத்தையே தொடும் கேள்வி.

இத்தரப்பின் பலவீனம், எல்லா மாற்றத்தையும் முன்கூட்டியே சந்தேகிப்பது. பெண் ஊழியர் ஒருவர் மகப்பேறு விடுப்புக்கு எழுத்தரைக் கெஞ்சாமல் செயலியில் விண்ணப்பிப்பதும் அதிகார மாற்றம்தான். அதைச் சிறிதென்று ஒதுக்கக் கூடாது.

பாலாற்றங்கரையின் முடிச்சுகள்

மூன்று விடைகளையும் இந்தப் பகுதியில் வைத்துப் பார்த்தால் சில முடிச்சுகள் கண்ணில் படுகின்றன.

முதலாவது எல்லை. 1866-இல் நகராட்சியான வேலூர் 2008 ஆகஸ்ட் 1-இல் மாநகராட்சியானது. 2011-இல் சத்துவாச்சாரி, காட்பாடியின் தாராபடவேடு உள்ளிட்ட உள்ளாட்சிகள் அதில் இணைந்து 60 வார்டுகள் ஆயின. 1989-இல் பிரிந்த வட ஆற்காடு மாவட்டத்தின் மிச்சமே பிற்கால வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் அது மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போயின. ஒரு பேரூராட்சியில் சேர்ந்து, மாநகராட்சியில் இணைந்து, வேறு நகராட்சிக்கு மாறியவரின் வாழ்க்கை மூன்று அலுவலகங்களின் கையெழுத்தில் இருக்கிறது. அவற்றுள் ஓர் அலுவலகம் இன்று பெயரளவிலும் இல்லை. விட்டுப்போன வரிக்குச் சான்று தர வேண்டியவர் யார் என்று கேட்டால் மென்பொருளில் பதில் கிடைக்காது. இதற்கு நடுவில் 2023 ஏப்ரலில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தின் பதவிப் பெயர்களைப் புதிய பெயர்களோடு பொருத்தும் வேலையும் கூடிற்று.

இரண்டாவது பெயர். மென்பொருள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கும். நமக்கு முன்னெழுத்துதான் உண்டு. அதைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்பதற்கே 2021 டிசம்பரில் அரசாணை தேவைப்பட்டது. ஆம்பூரில் இன்னொரு மடிப்பு சேர்கிறது. உருதுப் பெயரைத் தமிழ் எழுத்தர் காதால் கேட்டு எழுதினார். அதைப் பார்த்து வேறொருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார். ரஹ்மான் ஓரிடத்தில் ரகுமான், இன்னோரிடத்தில் ரெஹ்மான். புத்தகத்தை வாசிக்கும் மனிதருக்கு மூன்றும் ஒருவரே. ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு மூன்று பேர்.

மூன்றாவது தேதி. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1 என்று கொள்வது அரசுப் பணியின் பழைய வழக்கம். ஆதாரில் ஆண்டை மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று விழுந்திருக்கிறது. பள்ளிச் சான்று இல்லாமல் வேலைக்கு வந்த தலைமுறைக்கு இந்த ஆறு மாத வித்தியாசம் ஓய்வு நாளையே அசைக்கும். பக்கத்துத் தோல் ஆலைகளின் அனுபவம் இங்கே கைகொடுக்கும். 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்கு நிலையான ஒற்றைக் கணக்கு எண் வந்தபோது, பெயரும் தேதியும் பொருந்தாமல் தொழிலாளர் பணம் எடுக்க அலைந்தார்கள். 2024 ஜனவரியில் வைப்பு நிதி அமைப்பு பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வயதுக்கு ஆதார் சான்றாகாது என்றது. ஆலைத் தொழிலாளி பத்தாண்டு பட்டுத் தெரிந்துகொண்டதை நகராட்சி மறுபடி பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

புத்தகமே இல்லாதவர்கள்

எல்லாவற்றிலும் கனமான பகுதி இதுதான். இதுவரை பார்த்த மூன்று விடைகளும் பதிவேடு ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவை. உள்ளாட்சிகளில் அதிகாலை ஐந்தரைக்குத் துப்புரவுப் பணிக்காகத் தெருவில் நிற்பவர்களில் பலருக்குப் பதிவேடு இல்லை. தினக்கூலி, தொகுப்பூதியம், சுய உதவிக் குழு, ஒப்பந்த நிறுவனம் என்று வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வேலைக்குச் சாட்சி மஸ்டர் ரோல் எனப்படும் வருகைத்தாள். அது பணியமைப்புப் பிரிவில் இருப்பதில்லை, துப்புரவு ஆய்வாளரின் மேசையில் இருக்கும். நிறுவனம் வந்தபின் நிறுவனத்திடம் இருக்கும். ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் போனால் தாளும் அதோடு போகலாம்.

அந்தத் தாளின் மதிப்பு சட்டத்தில் எழுதியிருக்கிறது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் நிரந்தரமானவர்களுக்கு, அதற்கு முந்தைய தினக்கூலி, தொகுப்பூதியக் காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குக் கணக்கிடத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 11-ஆம் விதி வழி தருகிறது. அதாவது 1980களின் ஒரு வருகைத்தாள் இன்று ஒருவரின் மாத வருமானத்தைத் தீர்மானிக்கிறது. தொழில் நிறுவனங்களுக்கான 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம் 24 மாதங்களில் 480 நாள் வேலை என்ற அளவுகோலை வைத்தது. அது உள்ளாட்சிக்குப் பொருந்துமா என்பது வழக்காடப்படும் விஷயம். பொருந்தினாலும் 480 நாளை எண்ண ஒரு தாள் வேண்டும்.

மின்பதிவேடு நிரந்தர ஊழியரோடு நின்றுவிட்டால், தாள் இல்லாதவர் வேலையே பார்க்கவில்லை என்று கணினி சொல்லும். முன்பு அது தெளிவில்லாத நிலையாக இருந்தது. மேற்பார்வையாளரின் நினைவு, சங்கத்தின் பட்டியல், அக்கம்பக்கத்தார் சொல் என வாதிட இடம் இருந்தது. தெளிவான அமைப்பு அந்த இடத்தை அடைத்துவிடக்கூடும். 2022 அக்டோபரில் வெளியான அரசாணை 152 மாநகராட்சிகளில் பல கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்கு விடும் திசையில் சென்று, ஊழியர் சங்கங்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் நியாயம் தனி விவாதம். பதிவேட்டின் பார்வையில் விளைவு ஒன்றே: புத்தகம் திறக்கப்படும் ஊழியர் எண்ணிக்கை குறையும், புத்தகத்துக்கு வெளியே உழைப்பவர் எண்ணிக்கை கூடும். பத்தாண்டு கழித்து மிகத் துல்லியமான மின்பதிவேடு மிகச் சிலரையே பற்றியதாக இருக்கலாம்.

மறுபக்கத்தில், கணினிதான் இவர்களுக்கு முதல் சாட்சியாகவும் ஆகக்கூடும். முகப்பதிவு வருகை, வங்கிக் கணக்கில் வரும் கூலி, வைப்பு நிதிப் பிடித்தம் ஆகியவை ஒருவர் எத்தனை நாள் எந்த நகரத்துக்காக உழைத்தார் என்பதைக் காட்டப் போதுமானவை. ஒப்பந்ததாரர் மாறினாலும் ஆளைத் தொடரும் பதிவு ஒன்றை நகராட்சியே வைத்துக்கொள்வதில் தொழில்நுட்பத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. அப்படிப் பதிந்தால் நாளை நிரந்தரம் கேட்பார்கள் என்ற அச்சம், பதியாமல் இருப்பதையே பாதுகாப்பாகக் கருத வைக்கிறது. இர்வைன் ஆய்வாளர்களின் முடிவு இங்கேதான் நெருக்கமாகப் பொருந்துகிறது என்று தோன்றுகிறது.

சட்டமும் அந்தரங்கமும்

மின் ஆவணம் செல்லும் என்பதில் ஐயம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதை ஏற்றது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் உரிய சான்றிதழோடு ஏற்கிறது. சிக்கல் வேறு: ஸ்கேனும் புத்தகமும் முரண்பட்டால் எது மூலம்? புத்தகத்தை அழிக்கலாமா? தண்டனை, மருத்துவ விடுப்பு, சாதி ஆகியவை ஒரே திரையில் தெரியும்போது யார் எதைப் பார்க்கலாம் என்பதும் கேள்வி. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளாட்சியையும் பொறுப்பாக்குகிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், நியமன முறைகேடுகளை வெளிக்கொணர்வோர் கையைக் கட்டும் என்ற கவலையும் இருக்கிறது.

இன்னும் திறந்திருப்பவை

மின்பதிவேடு வேண்டுமா என்ற கட்டம் முடிந்துவிட்டது. ஒரே பிரதி ஒருவர் பீரோவில் என்ற நிலைக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள். கிடைக்கும் சான்றுகளை வைத்து, மென்பொருளின் தரத்தைவிட மாற்றத்துக்கு முந்தைய சரிபார்ப்பின் தரமே முடிவைத் தீர்மானிக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். புத்தகம் வாசிக்கத் தெரிந்த எழுத்தர் பணியில் இருக்கும்போதே அது நடக்க வேண்டும். ஊழியர் தன் பதிவைத் தமிழில் வாசித்து, மறுப்பு இருந்தால் மறுப்பும் அதே பக்கத்தில் பதிவாக வழி வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை பல. உள்ளாட்சிப் பணியை மாநில அமைப்போடு இணைப்பது நல்லதா, கேரளம் போலத் தனியே வைப்பது நல்லதா என்பதற்கு இருபுறமும் வாதம் உண்டு. இணைக்கப்பட்ட பேரூராட்சிகளின் விட்டுப்போன வரிகளுக்கு மாநகராட்சி ஆணையர் சான்று தரலாமா, மண்டல இயக்குநர் தரலாமா என்பதில் தெளிவு தேவை. 5 ஆண்டு விதி, கணினியில் ஏற்றும்போது புகுந்த தட்டச்சுப் பிழைக்கும் பொருந்துமா என்ற கேள்வி இனி நீதிமன்றங்களுக்கு வரக்கூடும். துப்புரவு ஆய்வாளர் மேசையில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய மஸ்டர் ரோல்களை, அவை மக்கும் முன் ஸ்கேன் செய்யும் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நகராட்சியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.